விலைக்கு வாங்கிய சொந்த ஊர்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னர், நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் நமக்காகக் காத்திருந்தார். ரயில்வேயில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். துணைவியை இழந்து நான்கு ஆண்டுகளாகின்றன. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். "சாமி, பட்டணத்து வீட்டை விற்றுவிட்டு மலைப்பக்கம் சின்ன ஊராகப் பார்த்துப் போய்விடலாமென்று இருக்கிறேன். இங்கே கிடைக்கிற விலையில் பாதிக்கே அங்கே தோட்டத்தோடு வீடு கிடைக்குமாம். மீதியை வங்கியில் போட்டால் பென்ஷனோடு சேர்த்துக் காலம் தள்ளிவிடலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

கெட்டும் பட்டணம் சேர் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் இம்மனிதரின் தந்தையார் கிராமத்தை விட்டு இங்கு வந்தார். இன்று மகன், பட்டணத்தில் கெடாமல் இருக்க வேண்டுமானால் பட்டணத்தை விட்டே போக வேண்டும் என்கிறார். வீட்டு வரி, விலைக்கு வாங்கும் தண்ணீர், தெருவை நிறைக்கும் புகை, நான்கு மாடி ஏற முடியாத முழங்கால் ஆகிய எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால் அவர் சொல்வதில் பிழை காண முடியவில்லை. ஆயினும் 'போய் வாருங்கள்' என்று சொல்லவும் நமக்கு நா எழவில்லை. நம் நினைவுக்கு வந்தது ஓர் ஊரின் பெயர். சோட்டாநாக்பூர் மறைப்பணி வரலாற்றைக் குருமடத்தில் பயின்ற நாள் முதலாக அந்த மண்மீது நமக்கு ஓர் ஈடுபாடு உண்டு. அதன் காரணமாகப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்ட ஊர் அது. அன்று அவருக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கு வாசக அன்பர்களுக்கும் சொல்கிறோம்.

ஊரின் பெயர் மக்ளஸ்கிகஞ்ச். ஜார்க்கண்ட் மாநிலத்தில், ராஞ்சி நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், குன்றுகளும் சால மரக்காடுகளும் சூழ்ந்த மேட்டுநிலத்தில் அமைந்திருக்கிறது. புகைவண்டி நிலையம் ஒன்று, கடைவீதி ஒன்று, மரங்களுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சரிந்த ஓட்டுக்கூரைகளோடும் அகன்ற தாழ்வாரங்களோடும் பழைய பங்களாக்கள். 1933-ஆம் ஆண்டு முதல் கல்கத்தாவிலிருந்தும் பிற பெருநகரங்களிலிருந்தும் ஒரு சமூகத்தார் தங்கள் சேமிப்பை எல்லாம் திரட்டி எடுத்துக்கொண்டு இங்கு வந்து குடியேறினர். அவர்கள் ஆங்கிலோ இந்தியர்.

தமிழகத்துக் கத்தோலிக்கருக்கு இச்சமூகம் புதியதன்று. பெரம்பூர், பொன்மலை, போத்தனூர், ஜோலார்பேட்டை எனப் புகைவண்டி நின்ற இடங்களில் எல்லாம் நம் ஆலயங்களில் அவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஆர்மோனியம் வாசித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலத் திருப்பலியில் பாடினார்கள், நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார்கள். அவர்களை நாம் 'சட்டைக்காரர்' என்று அழைத்தோம். அச்சொல்லில் பாதி மரியாதையும் பாதி ஏளனமும் இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐரோப்பியத் தந்தை வழியிலும் இந்தியத் தாய் வழியிலும் வந்த அவர்களை இரு தரப்பும் முழுமையாக ஏற்கவில்லை. தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். பின்னர் எண்ணிக்கை பெருகவே அச்சம் வந்தது. 1791-இல், பெற்றோருள் ஒருவர் இந்தியராயிருப்பின் கம்பெனியின் குடிமைப் பணியிலும் படைப்பணியிலும் கப்பற்பணியிலும் அமர்த்தலாகாது என்று விதி செய்தார்கள். 1795-இல் படையில் குழல் ஊதவும் முரசு அறையவும் குதிரைக்கு இலாடம் அடிக்கவும் மட்டும் அவர்களை அனுமதித்தார்கள். தந்தையின் வீட்டு வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் நிலை அது. 1853-இல் புகைவண்டி வந்தது, தந்தி வந்தது, 1857-க்குப் பின் நம்பத்தக்க ஊழியர்களை ஆங்கிலேயர் தேடினர். அப்போது மீண்டும் கதவு திறந்தது. எஞ்சின் ஓட்டுநர், கார்டு, தந்தி அலுவலர், சுங்கத்துறை அதிகாரி ஆகிய பணிகளில் மூன்று தலைமுறைகள் அவர்கள் வாழ்க்கை நடந்தது. ரயில்வே குடியிருப்பே அவர்களுக்கு ஊர். பணி முடிந்த நாளில் அந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஊருக்கு ஊர் மாறி, நாடெங்கும் தண்டவாளம் காத்த சமூகத்துக்குத் தனக்கென்று ஒரு கிராமம் கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் அண்டை வீட்டார் 'ஊருக்குப் போகிறோம்' என்று மூட்டை கட்டும்போது, இவர்கள் எந்த ஊருக்குப் போவார்கள்?

1919-இல் மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தங்கள் வந்தபின் அரசுப் பணிகளில் இந்தியரைக் கூடுதலாக அமர்த்தும் கொள்கை வலுப்பெற்றது. அது நியாயமானதே. ஆனால் அந்த நியாயத்தின் சுமை இவர்கள்மீதும் விழுந்தது. 1929-க்குப் பின் உலகப் பொருளாதாரச் சரிவு வேறு சேர்ந்துகொண்டது. பணியிழந்தோரும் சிறு ஓய்வூதியம் பெற்றோரும் கல்கத்தாவின் நெரிசலான வாடகைக் குடியிருப்புகளில் ஒடுங்கினர். அக்குடியிருப்புகளுக்கு அங்கே 'கிண்டல்' என்று பெயர். கொல்லைப்புறம் எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு என்பார்கள். தமிழ்க் காதில் விழும்போது அது வேறொன்றாகவும் ஒலிக்கிறது. ஓர் அறையில் ஒரு குடும்பம், பொதுக் கழிப்பிடம், மாதம் தவறாத வாடகை. சட்டையும் தொப்பியும் அணிந்து வெளியே செல்ல வேண்டிய கௌரவம் மட்டும் எஞ்சியிருந்தது.

இந்நிலையில்தான் எர்னஸ்ட் டிமதி மக்ளஸ்கி என்பவர் முன்வந்தார். ஐரிஷ் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர். கல்கத்தாவில் நிலம், வீடு வாங்கி விற்கும் தொழில் செய்தவர். வங்காளச் சட்ட மேலவையில் உறுப்பினராகவும் இருந்தவர். அவருடைய எண்ணம் எளியது. நகரத்தில் வாடகைக்கே தேயும் ஓய்வூதியம், நிலம் மலிந்த மலைப்புறத்தில் ஒரு குடும்பத்தைக் கண்ணியமாக வாழவைக்கும். கோழியும் பன்றியும் வளர்க்கலாம். காய்கறியும் பழமும் பயிரிடலாம். எஞ்சியதைச் சந்தைக்கு அனுப்பலாம். அனைத்துக்கும் மேலாக, 'எங்கள் ஊர்' என்று சொல்லிக்கொள்ள ஓரிடம் கிடைக்கும். 'முலுக்' என்ற சொல்லையே அவர்கள் எடுத்தாண்டனர். வீட்டு வேலைக்காரர் விடுப்புக் கேட்கும்போது 'முலுக்குக்குப் போக வேண்டும்' என்பார்; சொந்த நாடு, சொந்த மண் என்று பொருள். வேலைக்காரருக்கு இருந்த முலுக் எசமானருக்கு இல்லாதிருந்தது.

இத்தகைய முயற்சிக்கு ஒரு முன்னோடியும் உண்டு. 1882-இல் மைசூர் அரசர் சாமராஜ உடையார் பெங்களூருக்குக் கிழக்கே 3,900 ஏக்கர் நிலத்தை ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு வழங்கினார். சங்கத்தை நிறுவிய ஒயிட் என்பவரின் பெயரால் அது ஒயிட்ஃபீல்டு ஆயிற்று. வேளாண்மைக் குடியிருப்பாகத் தொடங்கிய அவ்வூரில் இன்று கணிப்பொறி நிறுவனங்கள் வானுயர எழுந்து நிற்கின்றன. நகரத்தை விட்டு ஓடியவர்களை நகரமே துரத்திச் சென்று பிடித்துக்கொண்ட கதை அது.

மக்ளஸ்கி 1933-இல் இந்தியக் குடியேற்றச் சங்கம் என்ற பெயரில் கூட்டுறவு முறையில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ராத்து மகாராஜாவிடமிருந்து 10,000 ஏக்கர் நிலம் நிரந்தரக் குத்தகையாகப் பெறப்பட்டது. லாப்ரா, துலி, ஹேசாலோங், கொன்கா முதலிய பழங்குடிச் சிற்றூர்களைச் சுற்றியுள்ள நிலம் அது. பழைய குடிகள் உழுதுவரும் வயல்களைத் தொடலாகாது, ஆறுகளும் குன்றுகளும் குடியேறுவோர்க்கு உரிமையாகா என்பன உடன்பாட்டின் கூறுகள். நாடெங்கும் இருந்த ஆங்கிலோ இந்தியருக்குச் சுற்றறிக்கை சென்றது. சங்கத்தின் பங்கை வாங்கியோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. இதற்கென்று ஓர் ஆங்கில மாத இதழும் கல்கத்தாவிலிருந்து வெளிவந்தது. தட்பவெப்பம், மண்வளம், நீர்நிலை, புகைவண்டி வசதி அனைத்தும் அதில் புகழப்பட்டன. சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றி எவ்வளவு எழுதினார்களோ, நாம் அறியோம்! குளிர்காலத்தில் பற்கள் தந்தியடிக்கும் அந்த மேட்டுநிலம், கோடையில் நன்றாகவே காயும்.

அவர்கள் வந்தார்கள். 1930-களின் முடிவுக்குள் ஏறத்தாழ 300 குடும்பங்கள் குடியேறின. கத்தோலிக்கரும் இருந்தனர், ஆங்கிலிக்கரும் இருந்தனர். பங்களாக்கள் எழுந்தன. மாவும் கொய்யாவும் எலுமிச்சையும் நடப்பட்டன. வழிபாட்டு இடங்களும் கடைகளும் மன்றமும் ஏற்பட்டன. மாலையில் இசை, கிறிஸ்து பிறப்பு நாளில் நடனம், வேட்டை, தேநீர் என்று வாழ்ந்த இவ்வூரை வெளியார் 'சின்ன இலண்டன்' என்று அழைத்தனர். கிண்டல் அறையிலிருந்து வந்த ஒரு தாய், தன் வீட்டு வாசற்படியில் நின்று தன் மரத்தின் பழத்தைத் தன் பிள்ளைக்குப் பறித்துக் கொடுத்த முதல் நாளை எண்ணிப் பாருங்கள். வரலாற்று நூல்கள் இதைப் பதிவு செய்வதில்லை. ஆனால் இதற்காகத்தான் அவர்கள் வந்தார்கள்.

அந்தக் கனவில் ஒரு களங்கமும் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. தனித்து வாழும் விருப்பத்தில், தாய்வழி உறவை மறந்து தந்தைவழிப் பெருமையை மட்டும் பேணும் நோக்கும் கலந்திருந்தது. தங்களைவிடக் கறுத்தவரோடு ஒரே மேசையில் உண்ண மனமில்லாதோர் அவர்களுள் இருந்தனர். ஆனால் இதைச் சொல்லி எள்ளி நகையாட நமக்குத் தகுதி உண்டா? வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே பீடம், ஒரே பலி, சாதிக்கொரு பகுதியாக இரு கூடங்கள், நடுவே சுவர். சுவர் பின்னர் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டங்களில் உள்ள சுவர்கள் எல்லாம் இடிந்துவிட்டனவா என்பதை அவரவர் பங்கில் அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

இனி மற்றொரு வினா. மக்ளஸ்கிக்கு நிலம் ஏன் மலிவாகக் கிடைத்தது? மலிவு என்பது தானாக முளைப்பதன்று. ஒருவன் மலிவாக வாங்குகிறான் என்றால் வேறெங்கோ ஒருவன் அதற்குரிய விலையைச் செலுத்தியிருக்கிறான். சோட்டாநாக்பூரில் அந்த விலையைச் செலுத்தியோர் முண்டாக்களும் உராவ்களும்.

காட்டை வெட்டித் திருத்திய குடியின் வழித்தோன்றல்களுக்கே அந்த நிலம் உரியது என்பது முண்டாக்களின் தொன்றுதொட்ட மரபு. பத்திரமில்லை, கல் சாட்சி. இறந்தோரின் எலும்புகளைப் புதைத்து அதன்மேல் நட்ட கல்லே அவர்கள் உரிமை ஆவணம். கம்பெனி ஆட்சி வந்தபோது நீதிமன்றம் காகிதத்தைக் கேட்டது. காகிதம் வெளியிலிருந்து வந்த நிலக்கிழார்களிடமும் வட்டிக்காரர்களிடமும் இருந்தது. வெட்டிவேலை, கள்ளப் பத்திரம், பொய் வழக்கு எனப் பல வகையில் நிலம் கைமாறியது. 1885-இல் இயேசு சபையைச் சேர்ந்த பெல்ஜியம் நாட்டு அருட்தந்தை கான்ஸ்டன்ட் லீவன்ஸ் தோர்ப்பாவில் வந்து தங்கியபோது மக்கள் அவரிடம் செபமாலையைக் கேட்கவில்லை. வழக்குக்கு உதவி கேட்டார்கள். அவரும் நிலச் சட்டத்தைக் கற்றார். குதிரையேறி ஊர் ஊராகச் சென்றார். கட்டாத வரிக்கு இரசீதும், செய்யாத குற்றத்துக்கு விடுதலையும் பெற்றுத் தர வழி செய்தார். பல்லாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றனர். ஏழாண்டுகளுக்குள் காசநோய் அவரை வீழ்த்தியது; 1893-இல் லூவேன் நகரில் இறந்தார். வழக்குக்காக வந்தவர்களின் விசுவாசம் என்ன விசுவாசம் என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அப்பத்துக்காகத் தேடி வந்த கூட்டத்தைக் குறித்து ஆண்டவருக்கே அந்த வருத்தம் இருந்தது; ஆனால் அவர் முதலில் உணவளித்த பின்னரே அதைப் பேசினார்.

லீவன்ஸ் போட்ட பாதையில் வந்தவர் செருமானியரான அருட்தந்தை யோவான் ஹாப்மன். இவரும் இயேசு சபையினரே. 1899-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பின் முன்னிரவில் பிர்சா முண்டாவின் எழுச்சி வெடித்தபோது, ஹாப்மன் பணியாற்றிய சர்வதா மறைப்பணி நிலையத்தின்மீதும் அம்புகள் பாய்ந்தன. மறைப்பணியாளர்மீது முண்டாக்கள் ஏன் அம்பெய்தார்கள் என்பது ஒரு தனிக் கட்டுரைக்குரியது. வெள்ளைத் தோல் அனைத்தும் அவர்களுக்கு ஒன்றாகவே தெரிந்தது. அப்படித் தெரிந்ததற்குக் காரணமும் இருந்தது. பிர்சா 1900 ஜூன் மாதம் ராஞ்சிச் சிறையில் இறந்தார். வேறொருவராயிருந்தால் ஹாப்மன் கசந்திருப்பார். அவரோ அம்பு ஏன் வந்தது என்று ஆராய்ந்தார். முண்டாக்களின் மொழியையும் நில மரபையும் ஆண்டுக்கணக்கில் எழுதித் தொகுத்தார். அந்த அறிவு 1908-ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குடிவாரச் சட்டம் உருவாகத் துணை செய்தது. பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போகாமல் தடுத்த சட்டம் அது. இன்றளவும் அந்த மண்ணில் அரசியலின் மையமாக நிற்கிறது. அடுத்த ஆண்டே, 1909-இல், வட்டிக்காரனிடமிருந்து மக்களை மீட்கக் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். 1915-இல், போர்க்காலத்தில், செருமானியர் என்ற காரணத்தால் நாடு கடத்தப்பட்டார்.

ஆக, ஒரே மேட்டுநிலத்தில் கால் நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு சங்கங்கள். இரண்டும் கூட்டுறவுச் சங்கங்களே. இரண்டும் எளியோரின் சிறு சேமிப்பைத் திரட்டி எழுந்தவையே. ஹாப்மனுடையது நிலம் இருந்தும் கடனால் இழப்போருக்கானது. மக்ளஸ்கியுடையது கையில் சிறிது பணம் இருந்தும் நிலமில்லாதோருக்கானது. முன்னது நூறாண்டைக் கடந்து நின்றது. பின்னதோ இருபதாண்டுகளுக்குள் தளர்ந்துபோயிற்று. மக்ளஸ்கியும் அநீதி செய்ய வந்தவரல்லர் என்பதை மீண்டும் சொல்கிறோம். உழுவோரின் வயலைத் தொடுவதில்லை என்ற உடன்பாடு அந்நாளில் எளிதில் காணக்கூடிய ஒன்றன்று. ஆயினும் தரிசு என்று ஏட்டில் எழுதப்பட்ட காடு, இலுப்பைப் பூவும் விறகும் மேய்ச்சலும் தந்து அம்மக்களுக்குப் பாதி ஆண்டு சோறிட்ட காடு. ஏட்டில் அதற்குக் கலம் இல்லை.

தளர்ச்சிக்கு வருவோம். 1935-இல் மக்ளஸ்கி இறந்தார். தலைவரின் மரணத்தைக் காட்டிலும் ஆழமான நோய் ஒன்று இருந்தது. வந்தவர்களுள் பெரும்பாலோர் ஓய்வூதியர். எஞ்சினின் மூச்சைக் கேட்டே அதன் நோயைச் சொல்லத் தெரிந்தவர்கள். மழையைப் பார்த்து விதைக்கத் தெரியாதவர்கள். உழவை அருகிலிருந்த பழங்குடியினரே கூலிக்குச் செய்தனர். பழம் விளைந்தது, அழுகாமல் கல்கத்தா சேர்க்க வழியில்லை. தொழிற்சாலை இல்லை, மேற்படிப்புக்குப் பள்ளியில்லை, நல்ல மருத்துவம் தொலைவில். ஓய்வூதியம் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும் வருவாய். தந்தைக்கு அது மலிவான ஊர். மகனுக்கோ பிழைப்பில்லாத ஊர். செலவு குறைந்த இடத்தைத் தேடியவர்கள், வரவுக்கும் அங்கே வழியில்லை என்பதைப் பிள்ளைகள் வளர்ந்தபின் கண்டார்கள். போர் வந்தது, இளைஞர் படைக்கும் ரயில்வேக்கும் திரும்பினர். 1947 வந்தது. நம் அரசமைப்புச் சட்டம் அச்சமூகத்துக்குப் பெருந்தன்மையோடு பத்தாண்டுகள் ரயில்வே, சுங்கம், அஞ்சல், தந்திப் பணிகளில் படிப்படியாகக் குறையும் ஒதுக்கீடு அளித்தது. நாடாளுமன்றத்தில் இரு நியமன இடங்களும் தந்தது. அந்த இடங்களும் 2020 ஜனவரியோடு முடிவுக்கு வந்தன. அச்சம் தெளியாதோர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறினர். மக்ளஸ்கிகஞ்சின் பங்களாக்கள் ஒவ்வொன்றாக, வாங்கிய விலையினும் வருத்தமான விலைக்கு விற்கப்பட்டன. போக வழியில்லாத முதியோரும், போக மனமில்லாத சிலரும் தங்கினர். புகைவண்டி நிலையத்தில் பழக்கூடையோடு நின்று வயிறு வளர்த்தோரும் அவர்களுள் உண்டு.

நிலம் வாங்கும் காட்சிகள் இரண்டு விவிலியத்தில் உள்ளன. அவற்றை மனத்தில் கொண்டே இவ்வரலாற்றை நாம் படித்தோம். ஒன்று, சாராவை அடக்கம் செய்ய ஆபிரகாம் மக்பேலா குகையை வாங்கியது. கடவுள் நாடு முழுவதையும் வாக்களித்திருந்தும், அவர் கையில் ஓரடி நிலமும் இல்லை. எப்ரோன் முதலில் இலவசமாகத் தருவதாகச் சொல்கிறான். ஆபிரகாம் அதை ஏற்கவில்லை. ஊரார் முன்னிலையில் 400 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். பேரம் பேசியதாகக் குறிப்பே இல்லை. அந்நியனாய் வந்தவன் அண்டை வீட்டான் ஆவதற்கு மலிவு உதவாது என்பதை அந்த முதியவர் அறிந்திருந்தார் போலும். மற்றொன்று, எருசலேம் முற்றுகையிடப்பட்டிருக்கையில் எரேமியா தம் சொந்த ஊராகிய அனத்தோத்தில் 17 செக்கேலுக்கு வயல் வாங்கியது. சிறைக்காவலில் இருந்துகொண்டு, எதிரியின் கைக்குப் போகவிருக்கும் நிலத்துக்குப் பத்திரம் எழுதி, அதை மண்கலத்தில் வைக்கச் சொல்கிறார். கணக்குப் பார்ப்பவன் செய்யும் வேலையன்று அது. அவர் அந்த வயலில் குடியிருந்ததாகவும் நமக்குத் தெரியவில்லை. மக்ளஸ்கியின் சுற்றறிக்கையை நம்பிப் பங்கு வாங்கியவர்களை ஏமாளிகள் என்று சிலர் எழுதுகிறார்கள். நமக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. 1997-இல் தொன் போஸ்கோவின் பெயர் தாங்கிய ஆங்கிலவழிப் பள்ளி ஒன்று அவ்வூரில் தொடங்கப்பட்டது. பள்ளி வந்ததும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் தொலைவிலிருந்தும் பிள்ளைகள் வந்தனர். அவர்களுக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. ஆளில்லாமல் கிடந்த பங்களாக்கள் மாணவர் விடுதிகளாயின. எஞ்சியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விடுதி நடத்திப் பிழைக்கத் தொடங்கின. அறுபதாண்டுகளாக அவ்வூருக்கு வாய்க்காத வருவாய் அப்படி வந்து சேர்ந்தது. தங்களுக்கென்று மட்டும் கட்டிய வீடுகளில், தங்களைச் சேராத பிள்ளைகளின் சத்தம்! உராவ் வீட்டுப் பிள்ளையும் வியாபாரி வீட்டுப் பிள்ளையும் சட்டைக்காரப் பாட்டியின் கையால் ஒரே மேசையில் உண்டன. நிறுவியவர்கள் இதை விரும்பியிருப்பார்களா என்று சொல்ல முடியாது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த நம் பங்கு முதியவர், "அப்படியானால் போக வேண்டாம் என்கிறீர்களா, சாமி?" என்றார். அப்படிச் சொல்லவில்லை என்றோம். போய்ப் பாருங்கள், அங்குள்ளோர் எவ்வாறு பிழைக்கிறார்கள், தண்ணீர் யாருடையது, நிலம் யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள், ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னோம்.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்து மூன்றாம் வாரம் போய்விட்டு வந்தார். இடம் பிடித்திருக்கிறதாம். விலையும் கட்டுப்படியாகும். மலைச்சரிவில் சிறு ஆலயம். மாதம் இரு ஞாயிறுகளில் திருப்பலி. பக்கத்து வீட்டார் மலைவாழ் மக்கள். முதல் நாளே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்களாம். பத்திரத்தைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் நம்மிடம் வெகுநேரம் பேசினார். எழுந்து போகும்போது கதவருகில் நின்று, நவம்பர் 2-ஆம் நாள் தம் மனைவியின் கல்லறைக்கு யார் மெழுகுதிரி வைப்பார்கள் என்று கேட்டார். பங்கில் யாரிடமாவது சொல்லி வைப்போம் என்றோம். "யாரிடமாவது என்றால் சரிவராது சாமி, நானே இறங்கி வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, பேருந்து நேரத்தை விசாரிக்கப் புறப்பட்டார்.